லூர்தம்மாள் சொன்னாள், யாரும் எழுதவில்லை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிரசவ வார்டுக் கழிவறைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பாஸிலா அதைச் சொன்னாள். தலைப்பிரசவம். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லூர்தம்மாளின் முழங்கையை இறுக்கியிருந்தாள்.

"அம்மா, முந்தாநாள்லருந்து எனக்கு வயித்தால போகுதும்மா. இன்னைக்குக் காலையில ரத்தமும் சளியுமாப் போச்சு. மாமி யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

"ஏன் சொல்லக்கூடாதாம்?"

"சொன்னா மதுரைக்கு அனுப்பிருவாங்களாம். இல்லாட்டி வயித்தக் கிழிச்சிருவாங்களாம்."

அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒரு வாரமாகக் கலங்கலாக வருகிறதென்றும், பக்கத்து வீடுகளிலும் பாதிப் பேருக்கு இதே பாடுதான் என்றும் அவள் சொன்னாள். லூர்தம்மாள் பேசினில் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சங்கதி புரிந்துவிட்டது. பாஸிலாவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நேராக நர்ஸ் மேசைக்குப் போனாள்.

மேசையில் இசைவாணி இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத சின்னப் பெண். மேசைக்கு எதிர் பெஞ்சில் பாஸிலாவின் மாமியார் ஜெய்தூன் பீவி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"இசை, மூணாம் கட்டில் புள்ளைக்கு ரத்தமாப் போகுதாம். ரெண்டு நாளாச்சு. எழுதிக்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிரு."

"லூர்தக்கா, வலி வந்தா எல்லாருக்கும் வயித்தால போறதுதான். நீங்க பெருசு பண்ணாதீங்க."

"வலி இன்னைக்குத்தான பாப்பா வந்துச்சு? இது முந்தாநாளே வந்துருக்கு."

இசைவாணி போனை எடுத்தாள். டாக்டரம்மா ஏதோ விசேஷ வீட்டில் இருந்தார். போனுக்குள்ளிருந்து மேளச் சத்தம் லூர்தம்மாளுக்கே கேட்டது. இசைவாணி இரண்டு வாக்கியம் பேசினாள், மூன்று முறை "சரி மேடம்" என்றாள், போனை வைத்தாள்.

"நார்மல்தானாம்க்கா. போய் மேசையத் துடைங்க."

பத்தொன்பது வருடமாக லூர்தம்மாள் அந்த நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறாள். பெயருக்குத் துப்புரவுப் பணியாளர். மேசை துடைப்பது, ரத்தத் துணி அலசுவது, பிள்ளைத்தாய்ச்சிகளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோவது, கத்துகிறவர்களின் தலையைத் தடவிக்கொடுப்பது எல்லாம் அவள் வேலைதான். ரெட்டியார்சத்திரம் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். கன்னியர் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். இருபது வயதில் சேவியருக்கு வாழ்க்கைப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்தாள். சேவியருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் தோல் அலசுகிற வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு போனபிறகு, சின்ன வெங்காயக் கமிஷன் கடையில் வெங்காயத் தாளை நீக்கி உதிர்க்கும் வேலைக்குப் போனாள். அங்கே கண் எரிந்து சீழ் பிடித்ததால் நர்சிங் ஹோமுக்கு மாறினாள்.

அவளுக்குக் கோபம் அதிகம் என்று ஊரே சொல்லும். ரேஷன் கடையில் சண்டை போடுவாள், பஸ்ஸில் சண்டை போடுவாள், சிலுவைப்பாதை நடக்கும்போது பேசுகிறவர்களோடும் சண்டை போடுவாள். ஆனால் நர்சிங் ஹோமுக்குள் மட்டும் அவளுக்கு வாய் கிடையாது. சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல் போவதைப் பார்த்து, "அம்மா, இந்தப் புள்ளைக்கு உதடு வெளுக்குதும்மா" என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். "உன் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணை அரைமணி கழித்து ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தாளா இல்லையா என்று லூர்தம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் டாக்டரம்மாவிடம் நேராக எதையும் சொன்னதில்லை.

அன்றைக்கும் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்குப் பிள்ளை தலை தெரிகிற நேரத்தில் டாக்டரம்மா பட்டுச்சேலையோடு ஓடிவந்தார். மேலே ஏப்ரனை மாட்டிக்கொண்டார். பாஸிலா முக்கினாள். தண்ணீராக, ரத்தமும் சளியுமாக மேசையெல்லாம் ஆகிவிட்டது.

"என்னம்மா இது, எனிமா குடுக்கலையா?" என்று டாக்டரம்மா முகம் சுளித்தார். இசைவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெண் குழந்தை. அந்த அசிங்கத்துக்குள்ளேயேதான் வழுக்கி வெளியே வந்தது. இசைவாணி கைக்குக் கிடைத்த துணியால் முதலில் மேசையை ஒற்றினாள், அதே துணியால் பிள்ளையின் முகத்தையும் வாயையும் துடைத்தாள். பிள்ளையை அந்தத் துணியோடு எடைத் தராசில் வைத்தாள். வாளியும் கையுமாக ஒரு முழ தூரத்தில் நின்ற லூர்தம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்க நினைத்தாள். திறக்கவில்லை. தராசில் கிடந்த துணியை அவள் எடுக்கப்போகும்போது அடுத்த அறையில் கூப்பிட்டார்கள். செம்பட்டியிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு, வெளியிலிருந்து வந்த டாக்டர் செய்த சிசேரியன் முடிந்திருந்தது. ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் அந்தப் பிள்ளையையும் அதே தராசில், அதே துணியின்மேல் எடை போட்டு முடித்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாஸிலாவின் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. "புதுப் பிள்ளைக்கு இதெல்லாம் உண்டு, துணியைத் தளர்த்திவிடு" என்றார்கள். புதன்கிழமை காலையில், வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதும் நேரத்தில், பிள்ளை பச்சையாகப் போனது. நடுவில் ரத்தத் திட்டு. லூர்தம்மாள்தான் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு இசைவாணியிடம் ஓடினாள். "பாருடி. நல்லாப் பாரு" என்றாள். இசைவாணி போனை எடுத்தாள். ஒரு மணி நேரத்தில் பிள்ளையை இரண்டு தெரு தள்ளியிருந்த குழந்தைகள் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பாஸிலாவும் தையல் வலியோடு பின்னாலேயே ஆட்டோவில் போனாள்.

வெள்ளிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. ரத்தபேதி உண்டாக்குகிற கிருமி. அன்றைக்கே செம்பட்டிப் பிள்ளைக்கும் வயிறு போக ஆரம்பித்தது.

அன்று மத்தியானம் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த லூர்தம்மாளுக்கு, கீழே டாக்டரம்மா பாஸிலாவின் புருஷன் நாசரிடம் பேசுவது கேட்டது. நாசர் செருப்புக் கடை வைத்திருக்கிறவன். அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

"இது அம்மாகிட்டருந்து புள்ளைக்கு வந்தது நாசர். உங்க ஒய்ஃப் முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திரை குடுத்திருப்போம், புள்ளையத் தனியா வச்சிருப்போம். மறைச்சிட்டாங்க. நாங்க என்ன பண்ண முடியும்?"

லூர்தம்மாளின் கையில் மாப் அப்படியே நின்றுவிட்டது. சொன்ன பிள்ளையை, வலியோடு கழிவறையில் வைத்துக் கூச்சத்தை விட்டுச் சொன்ன பிள்ளையை, மறைத்தவள் ஆக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மேனேஜர் பெருமாள்சாமி கூப்பிட்டனுப்பினார். மேசையில் டைப் அடித்த ஒரு தாள் இருந்தது.

"வா லூர்து. ஒண்ணுமில்ல, ஒரு கையெழுத்து. சும்மா ஃபைலுக்கு."

"என்ன சார் எழுதிருக்கு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? இங்க போடு."

அவள் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகவே படித்தாள். "நான் கை சுத்தம் பேணாமல் பிரசவ அறையில் பணிபுரிந்ததால் இரண்டு சிசுக்களுக்குத் தொற்று ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்."

படித்து முடித்து மேனேஜரைப் பார்த்தாள்.

"சார், பிரசவ ரூம்ல சோப்பு இல்லைன்னு பொங்கலுக்கு முன்னாடியே கேட்டேன். ஒரு பாட்டில் குடுத்தீங்க. அதுல தண்ணிய ஊத்தி ஊத்தி மூணு மாசம் ஓட்டச் சொன்னீங்க. இப்ப என் கைதான் அழுக்கா?"

"குரலை உசத்தாத."

"டாக்டரம்மா நேத்து அந்தப் பையன்கிட்ட, அம்மாகிட்டருந்துதான் வந்துச்சுன்னாங்க. நீங்க எங்கிட்டருந்து வந்துச்சுங்கிறீங்க. எது சார் நெசம்?"

பெருமாள்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது அவங்களுக்குச் சொல்றது. இது ஃபைலுக்கு. ரெண்டு நாள் டைம் தாரேன். வேலை வேணும்னா போட்டுக் குடு."

வீட்டுக்குப் போய் அவள் சேவியரிடம் சொன்னாள். இடுப்பில் பெல்ட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த சேவியர் யோசித்துவிட்டு, "ஒரு கையெழுத்துத்தான, போட்டுட்டு வேலையப் பாரு. இந்த வயசுல வேற எங்க போவ?" என்றார். அன்று அவருக்கு வெறும் சோறும் ரசமும்தான் விழுந்தது. "தொட்டுக்க வெஞ்சனம் எங்க?" என்று அவர் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லூர்தம்மாள் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனாள். பாஸிலா வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மார்புப் பக்கம் சேலை நனைந்து கிடந்தது. கண் வீங்கியிருந்தது. ஜெய்தூன் பீவி எதிரே உட்கார்ந்து மருமகளைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னத்தத் தின்னயோ, எங்க கைய வச்சயோ. உன் உடம்புல இருந்த வெஷம் புள்ளை உடம்புக்குப் போயிருச்சு. இதுல பால் வேற குடுக்கணுமாம், பால். கறந்து கீழ ஊத்து."

"ஊத்திட்டியா பாப்பா?" என்று லூர்தம்மாள் கேட்டாள்.

"நேத்துலருந்து ஊத்துறேம்மா. நர்ஸு டப்பாப் பால் குடுக்குறாங்க." பாஸிலா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எம்புள்ளைய நானே கொன்னுருவேன்னு சொல்றாங்கம்மா. நான் உங்ககிட்ட சொன்னேன்ல? சொன்னேன்ல?"

"சொன்ன."

லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். உள்ளே ரவுண்ட்ஸ் வந்திருந்த குழந்தை டாக்டருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஜெய்தூன் பீவியும் பின்னால் வந்தார். அந்த மருத்துவமனையில் லூர்தம்மாளை யாருக்கும் தெரியாது, அவளிடம் யாரும் "உன் வேலையப் பாரு" என்று சொன்னதில்லை. அதனாலோ என்னவோ வாய் திறந்துகொண்டது.

"சார், இந்தப் புள்ளை பால் குடுக்கலாமா கூடாதா? வாயால சொல்லுங்க, இவங்க மாமியாரும் கேக்கட்டும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "தாராளமாக் குடுக்கலாம். குடுக்கணும். நிப்பாட்டினது யாரு?"

பாஸிலா மாமியாரைப் பார்த்தாள். அவர் ஜெய்தூன் பீவியின் பக்கம் திரும்பினார்.

"பாருங்கம்மா, கிருமி பால்ல வரலை. அம்மாவுக்கு ரத்தபேதி இருந்திருக்கு. பிரசவத்தப்போ அந்த மலம் புள்ளை வாயில பட்டிருக்கு, அப்படித்தான் உள்ள போயிருக்கு. அம்மாவுக்கும் மருந்து போயிட்டிருக்கு. கைய சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு அவங்க பால் குடுத்தா, புள்ளை சீக்கிரம் தேறும்." பிறகு லூர்தம்மாளிடம் கேட்டார், "வர்றப்பவே பேதி இருந்துச்சுன்னா கேஸ் ஷீட்ல எழுதியிருப்பாங்களே?"

"நான் சொன்னேன் சார். எழுதல."

டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அவரும் அதே ஊரில் தொழில் செய்கிறவர்தானே. பேனா மூடியைத் திருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த மௌனத்தின்மேலும் லூர்தம்மாளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பால் குடுக்கச் சொல்லிவிட்டார். பாஸிலா அப்போதே குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வராந்தாவில் லூர்தம்மாள் ஜெய்தூன் பீவியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, சொல்லாதேன்னு வாய அடைச்சது நீங்க. இப்ப அவ உடம்புல வெஷம்னு பேசுறதும் நீங்க. ரெண்டுல ஒண்ணாச்சும் வாயில வராம இருந்திருக்கலாம்ல?"

ஜெய்தூன் பீவி முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார்.

அன்று நடந்து வீடு திரும்பும்போது லூர்தம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது. ஒரு முழ தூரம். அவ்வளவுதான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "டாக்டரம்மா, இது ரத்தபேதி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் அந்தத் துணி பிள்ளையின் வாய்க்குப் போயிருக்காது. ரேஷன் கடைக்காரனிடம் காட்டுகிற வாயை அங்கே எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்று தன்னைத்தானே வைதுகொண்டே நடந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நாசர், அவன் அக்கா புருஷன் ரஃபி, ஜெய்தூன் பீவி மூவரும் நர்சிங் ஹோமுக்கு வந்தார்கள். செம்பட்டிப் பிள்ளைக்கும் இதே நோய் என்று அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. வரவேற்பு மேசையை ரஃபி கையால் தட்டினான்.

"எங்க வீட்டுப் புள்ளைகிட்டருந்து வந்துச்சுன்னீங்க. செம்பட்டிக்காரங்க புள்ளையையும் எங்க வீட்டுப் புள்ளைதான் பெத்தாளா?"

பெருமாள்சாமி கையை உயர்த்தி அமர்த்தினார். "தம்பி, நாங்களும் விசாரிச்சிட்டோம். இங்க வேலை பாக்குற ஆயாவோட கவனக்குறைவு. அவங்க மேல நடவடிக்கை எடுக்குறோம். அந்தா, அவங்கதான்."

அவர் கை நீட்டிய இடத்தில் லூர்தம்மாள் நின்றாள். ரஃபி அவளை நோக்கி நாலு எட்டு வைத்தான். "கையக் கழுவத் தெரியாத நாயெல்லாம் பிரசவம் பாக்க வந்துருச்சு" என்றான்.

லூர்தம்மாள் நகரவில்லை.

"தம்பி, நான் பிரசவம் பாக்கல. துடைக்கிறவ. அந்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு உங்க வீட்டுப் புள்ளை ரத்தமாப் போகுதுன்னு எங்கிட்ட சொல்லுச்சு. மூணு அஞ்சுக்கு நான் நர்ஸுகிட்ட சொன்னேன். நர்ஸு டாக்டரம்மாகிட்ட போன்ல சொல்லுச்சு. நார்மல்னு பதில் வந்துச்சு. புள்ளை அந்த அசிங்கத்துலதான் பொறந்துச்சு. மேசையத் துடைச்ச துணியாலதான் புள்ளை வாயத் துடைச்சாங்க. அதே துணியிலதான் செம்பட்டிப் புள்ளையையும் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன், வாயத் திறக்கல. என் தப்பு அது. அதை வேணா எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். நீங்க எழுதினதுக்குப் போட மாட்டேன்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா படியிறங்கி வந்திருந்தார். "லூர்து, போதும். கண்டதையும் உளறாத. யார் சொன்னது, யார் கேட்டது? சாட்சி இருக்கா?"

மருந்துக் கவுண்டர் ஓரமாக இசைவாணி நின்றுகொண்டிருந்தாள். லூர்தம்மாள் அவளைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். இசைவாணியின் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் மேனேஜர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடந்தன. சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்."

ஜெய்தூன் பீவி. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பார்க்காமல் பேசினார்.

"நான் எதிர் பெஞ்சுல உக்காந்திருந்தேன். இந்தம்மா சொன்னதை என் காதால கேட்டேன். போன் பேசினதையும் கேட்டேன். நான்தான் மருமகப் புள்ளைய வாயத் திறக்காதேன்னு சொல்லிக் கூட்டியாந்தேன். அவ என்னைய மீறிச் சொல்லிட்டா. அவ மறைக்கல. அவளை ஒரு வாரமா நான் பேசின பேச்சு அந்த அல்லாவுக்குத்தான் தெரியும்."

"ம்மா…" என்றான் நாசர். பிறகு அவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன், மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி, "கேஸ் ஷீட்ட எடுங்க" என்றான். "எடுக்காம நான் இங்கருந்து போக மாட்டேன்."

அரைமணி நேரம் மழுப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். ரஃபி படித்தான். கட்டில் எண், நேரம், ரத்த அழுத்தம் எல்லாம் இருந்தன. வந்தபோது இருந்த தொந்தரவுகள் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. லூர்தம்மாளுக்கும் அந்த மூன்று எழுத்தைப் படிக்கத் தெரிந்தது. NIL. ஒன்றுமில்லை.

ரஃபி லூர்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நாசர் சுகாதாரத் துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்தான். ஒரு நாள் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். பிரசவ அறையைப் பார்த்தார்கள், டாக்டரம்மா அறையில் நெடுநேரம் இருந்தார்கள், போனார்கள். அறிக்கை என்னவென்று நாசருக்கும் தெரியவில்லை, லூர்தம்மாளுக்கும் தெரியவில்லை. செம்பட்டிப் பிள்ளைக்கு லேசாக வந்ததோடு சரியாகிவிட்டது. பாஸிலாவின் பிள்ளை பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போனது. ஷமா என்று பெயர் வைத்தார்கள். பாஸிலா மாமியாரோடு ஒரு மாதம் பேசவில்லை என்று கேள்விப்பட்டபோது, "ரெண்டு மாசம் பேசாம இருக்கணும்" என்று லூர்தம்மாள் சேவியரிடம் சொன்னாள்.

இசைவாணி ஒருநாள் துணி உலர்த்தும் மொட்டைமாடிக்கு வந்து, "மன்னிச்சிருங்கக்கா, சர்டிபிகேட் உள்ள இருக்கு" என்று அழுதாள். லூர்தம்மாள் துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டே, "வாங்கிட்டு முதல்ல இங்கருந்து ஓடு" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் இசைவாணி கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள்.

லூர்தம்மாளை வேலையைவிட்டு நீக்கவில்லை. நாசர் வீட்டார் மறுபடி வந்து நிற்பார்களோ என்ற பயம். பிரசவ வார்டிலிருந்து எடுத்து, கீழே வெளிநோயாளிகள் பக்கம் போட்டார்கள். பிரசவ அறையில் சோப்பு வைத்தார்கள். சேர்க்கைச் சீட்டைப் புதிதாக அச்சடித்தார்கள். அதில், கடந்த ஒரு வாரத்தில் காய்ச்சல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, ரத்தம் போனதா என்று மூன்று கேள்விகள் சேர்ந்திருந்தன. அதைப் பார்த்தபோது லூர்தம்மாளுக்குச் செத்த நேரம் மனசு ஆறியது.

போன மாதம் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு பெண் வலியோடு வந்தாள். கீழே மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் பெண் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவள் பெயரைக் கேட்பதற்கு முன்பே, மூன்று கேள்விக்கும் நேராக 'இல்லை' 'இல்லை' 'இல்லை' என்று டிக் அடித்தாள். மேசைக்குக் கீழே அதே மாதிரி டிக் அடித்து வைத்த, பெயர் எழுதாத சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. வேலை சுருக்காக முடியுமாம்.

லூர்தம்மாள் மாப்பைச் சுவரில் சாத்தினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய், அந்தச் சீட்டை நர்ஸின் கைக்கடியிலிருந்து உருவினாள்.

"என்ன ஆயா பண்றீங்க?"

"அந்தப் புள்ளை வாயில நாக்கு இருக்குல்ல? கேளு."

"உங்க வேலையப் பாருங்க ஆயா."

"இதான் என் வேலை" என்றாள் லூர்தம்மாள். சீட்டை இரண்டாகக் கிழித்தாள். மேசைக்குக் கீழே இருந்த கட்டையும் எடுத்துக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மேனேஜர் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு புதுச் சீட்டை உருவி நர்ஸின் முன்னால் வைத்துவிட்டு, வலியில் நெளிந்துகொண்டிருந்த பெண்ணின் அருகில் குனிந்தாள்.

"சொல்லு பாப்பா. வயித்தால ஏதும் போச்சா? கூச்சப்படாமச் சொல்லு. இந்தப் பொண்ணு எழுதும்."